வாசலுக்கு வரும் கடனும் வராத சேமிப்பும்

1904ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறிய சில மாதங்களுக்குள், அந்தச் சட்டத்தின்படி நம் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவாயிற்று என்பது இன்று பலருக்கு ஞாபகத்தில் இல்லை. அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே, சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகஸ்தராக இருந்த பிரடெரிக் நிக்கல்சன், லேவாதேவிக்காரனின் பிடியில் அகப்பட்டுத் தவித்த குடியானவனுக்குப் பரிகாரம் யாது என்று ஐரோப்பிய நாடுகளின் சிறு வங்கி முறைகளையெல்லாம் ஆராய்ந்து, சிறுகச் சேமிப்பதும் சிறுகக் கடன் பெறுவதும் ஒரே கூரையின்கீழ், ஒருவரையொருவர் அறிந்த மனிதர்களுக்கிடையே நடைபெறும் சங்கங்களே நமக்கு வேண்டும் என்று விரிவான அறிக்கை ஒன்றை எழுதியிருந்தார். அதே காஞ்சிபுரத்தில்தான், 2023 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணாவின் பிறந்த நாளன்று, கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. குடும்பத் தலைவிகளுக்கு மாதந்தோறும் ரூ.1,000, முதல் கட்டத்திலேயே 1 கோடியே 6 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள், முதல் ஆண்டு ஒதுக்கீடு ரூ.7,000 கோடி. பணம் அவர்களுடைய வங்கிக் கணக்குக்கு நேராக வந்து சேர்கிறது. வந்ததில் ஒரு பகுதியை அதே வங்கியில் பத்திரமாகச் சேர்த்து வைக்கவும், அவசரம் நேர்ந்தால் அதே வங்கியில் நியாயமான வட்டிக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ பெறவும் அந்தப் பெண்களால் முடிகிறதா என்று கேட்டால், பெரும்பாலோருக்கு முடியவில்லை என்பதுதான் உண்மையான விடை.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா சிறிய தொகையா என்று நடக்கும் விவாதத்தில் எனக்கு அதிக ருசி இல்லை. அந்தத் தொகையின் விசேஷம் அதன் அளவைக் காட்டிலும் அது வரும் தேதியில் இருக்கிறது. கட்டட வேலைக்குப் போகிறவனுக்கு மழை பெய்தால் கூலி இல்லை. நூறு நாள் வேலைக்கான கூலி கணக்கில் ஏறும் நாள் டில்லியின் சௌகரியத்தைப் பொறுத்தது. பூக்கட்டி விற்பவளுக்கு முகூர்த்த நாளில் ஒரு வரும்படி, மற்ற நாளில் வேறொரு வரும்படி. பீடி சுற்றுபவளுக்கு இலையும் தூளும் கிடைக்கும் வாரத்தில்தான் ஜீவனம். வீட்டு வாடகையும் எரிவாயு சிலிண்டரும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் கிழவியின் இரத்த அழுத்த மாத்திரையும் மட்டும் நாள் தவறாமல் வந்து நிற்கின்றன. டேரில் காலின்ஸ் முதலிய நால்வர் எழுதி 2009இல் வெளியான ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி பூவர்’ என்ற நூல், வங்காளதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை நாட்குறிப்பு போல் தொடர்ந்து எழுதி வைத்துப் பார்த்தபோது, வருமானம் குறைவு என்பதோடு அது எப்போது வரும் என்று தெரியாதிருப்பதும் அவர்களுக்குச் சமமான கஷ்டமாக இருப்பதையும், அந்தக் காரணத்தாலேயே அவர்கள் கொடுக்கல் வாங்கலில் செல்வந்தரைவிட அதிக சுறுசுறுப்பாக இருக்க நிர்ப்பந்திக்கப்படுவதையும் எடுத்துக் காட்டியது. இத்தகைய குடும்பத்துக்குள், வெயிலுக்கும் மழைக்கும் மேஸ்திரியின் மனநிலைக்கும் கட்டுப்படாத ஒரு வருவாய் மாதந்தோறும் ஒரே தேதியை ஒட்டி வருகிறது என்றால், அது சேமிப்புக்கு ஓர் அடிப்படை, கடன் பெறுவதற்கு ஒரு யோக்கியதை. அந்த அடிப்படையையும் யோக்கியதையையும் இன்று அனுபவிப்பவர் யார் என்பதே நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

பணம் விழுந்த அன்றைக்கே ஏ.டி.எம். வாசலில் வரிசை நிற்கிறது, மறுநாள் கணக்கில் ஐம்பது ரூபாய்கூட மிஞ்சுவதில்லை, ஆகையால் இவர்களுக்குச் சேமிக்கும் பழக்கமே கிடையாது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்களில் சிலர் வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்பதால் அந்தப் பேச்சுக்கு ஒரு மரியாதையும் கிடைத்துவிடுகிறது. ஆனால் எடுத்த பணம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பவர் அந்த அபிப்பிராயத்தில் நீடிக்க முடியாது. அதில் ஒரு பகுதி அரிசி, காய், மருந்து என்று செலவாகிவிடுகிறது. ஆகட்டும், அதற்காகத்தானே கொடுத்தது. மற்றொரு பகுதி தெருவில் நடக்கும் சீட்டுக்குப் போகிறது. இருபது பெண்கள் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு, மாதம் ஒருத்தி பத்தாயிரத்தைக் குலுக்கலிலோ ஏலத்திலோ எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டில், முதலில் எடுப்பவளுக்கு அது கடன், கடைசியில் எடுப்பவளுக்கு அது சேமிப்பு, நடுவில் எடுப்பவளுக்கு இரண்டும் கலந்தது. இன்னொரு பகுதி நகைக்கடையின் பதினொரு மாதச் சீட்டுக்குப் போய், செய்கூலி சேதாரத்தில் தள்ளுபடியோடு ஒரு ஜோடிக் கம்மலாகத் திரும்பி வருகிறது. ஒரு பகுதி தீபாவளிச் சீட்டு நடத்துபவரிடம் போய், நல்ல வருஷமாக இருந்தால் பட்டாசும் இனிப்பும் எவர்சில்வர் பாத்திரமுமாக வந்து சேர்கிறது. கெட்ட வருஷமாக இருந்தால், நடத்தியவர் குடும்பத்தோடு தலைமறைவான செய்தி பத்திரிகையில் வந்து சேர்கிறது.

சேமிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் சொல்லும் இந்தப் பெண்கள், பணத்தை இழக்கும் அபாயம் இருந்தும் இவ்வளவு வழிகளில் சேமிக்கிறார்கள் என்றால், அந்த வழிகளில் வங்கியிடம் இல்லாத ஏதோ ஒரு சௌகரியம் இருக்க வேண்டும். சீட்டு பிடிப்பவள் பக்கத்துத் தெருக்காரி. தவணை நாள் தவறினால் வாசலில் வந்து சத்தம் போடுவாள். அந்தச் சத்தத்துக்குப் பயந்தாவது பணத்தை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. தன் பணத்தைத் தன் கை தொடாமலும், டாஸ்மாக் கடைக்கு வழி தெரிந்த கணவனின் கை தொடாமலும், ஊரிலிருந்து வந்து கைமாற்று கேட்கும் உறவினரின் கை தொடாமலும் காத்துக் கொடுக்கும் ஒரு நிர்ப்பந்தத்தை அவள் வேண்டுமென்றே விலை கொடுத்து வாங்குகிறாள். கம்மலின் சௌகரியம் அதைவிடப் பெரிது. அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம். மகனுக்குக் காய்ச்சல் என்றால் அடகுக் கடையில் வைத்து, ஜாமீன்தாரர் யாரையும் தேடாமல், கால் மணி நேரத்தில் பணமாக்கலாம். சேமிப்பும் கடனும் ஒரே பொருளில் அடங்கிய அந்த ஏற்பாட்டுக்கு ஈடாக எந்த வங்கியும் இதுவரை அவளுக்கு எதையும் கொடுத்ததில்லை.

வங்கி கொடுத்தது என்ன? உரிமைத் தொகையின் முதல் மாதத்திலேயே, குறைந்தபட்ச இருப்புத் தொகை வைக்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லிச் சில வங்கிகள் அந்த ஆயிரத்திலிருந்து அபராதத்தைக் கழித்துக்கொண்டன. மாநில நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு அதைக் கண்டித்து அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. ஜன் தன் கணக்குக்கும், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கும் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் நீண்ட நாளைய விதி; ஆனால் எந்தக் காலத்திலோ, எந்தக் கல்வி உதவித்தொகைக்காகவோ, எந்தக் குழுக் கடனுக்காகவோ திறந்த சாதாரணக் கணக்கில் பணம் வந்து விழுந்தவர்களுக்கு அந்த விதி துணைக்கு வரவில்லை. பாரத ஸ்டேட் வங்கி 2020இலும், கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி முதலியவை 2025இலும் இந்த அபராதத்தை ரத்துச் செய்துவிட்டன என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். அபராதம் போய்விட்டது, அது கற்பித்த பாடம் போகவில்லை. கணக்கில் பணத்தை விட்டுவைத்தால் யாராவது எதையாவது பிடித்துக்கொள்வார்கள் என்று ஒருமுறை அறிந்துகொண்டவள், விழுந்த அன்றைக்கே முழுவதையும் எடுத்துவிடுவதை அறியாமை என்று சொல்வது எந்த நியாயத்தில் சேர்த்தி? அது அனுபவம் தந்த விவேகம்.

இனிக் கடன் விஷயத்துக்கு வருவோம். காய்கறித் தள்ளுவண்டிக்காரர் வாங்கும் தண்டல் கடனில், கைக்கு வருவது ஒன்பதாயிரம். நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் திருப்பிக் கட்டுவது பத்தாயிரம். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதைக் கணக்கில் கொண்டு பார்த்தால், அது ஆண்டுக்கு 75 சதவிகிதத்தைத் தாண்டும் வட்டி. ‘பத்து வட்டி’ என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, நூறுக்கு மாதம் பத்து, அது ஆண்டுக்கு 120 சதவிகிதம். கந்து வட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்க 2003இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவனும் மனைவியும் இரண்டு சிறு குழந்தைகளுமாக ஒரு குடும்பமே எரிந்து மாண்டது. அதற்குமேல் அந்தச் சட்டத்தின் பலத்தைப் பற்றி நான் ஏதும் சொல்ல வேண்டியதில்லை. பலவந்தமாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025இல் மற்றொரு சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. வசூலிப்பவனின் கையைக் கட்டுவது அவசியம்தான். ஆனால் கடன் தேவைப்படுகிறவளுக்கு வேறு வாசல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாத சட்டம் பாதி வேலையைத்தான் செய்யும்.

வேறு வாசல் இல்லாமல் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. 2014இல் தொடங்கிய ஜன் தன் திட்டத்தில், ஆறு மாதம் கணக்கை ஒழுங்காக நடத்தியவருக்கு, வீட்டுக்கு ஒருவருக்கு, அதிலும் பெண்ணுக்கு முன்னுரிமை கொடுத்து, மிகைப்பற்று வசதி உண்டு, தொடக்கத்தில் ரூ.5,000 என்றிருந்ததை 2018இல் ரூ.10,000 ஆக உயர்த்தி, அதில் ரூ.2,000 வரை எந்த நிபந்தனையும் இல்லை என்றும் அறிவித்தார்கள். 50 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் கொண்ட அந்தத் திட்டத்தில் இந்த வசதியைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சொற்பம். கிளை மேலாளரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. இரண்டாயிரம் ரூபாய்க் கடனுக்கு எழுத வேண்டிய காகிதமும் இருபது லட்சம் ரூபாய்க் கடனுக்கு எழுத வேண்டிய காகிதமும் ஏறத்தாழ ஒன்றே. வாராக் கடனாகிப் போனால் கேட்கப்படும் கேள்வி மட்டும் அவரையே வந்து சேரும்.

ஆகையால் அந்தப் பெண் ‘பைனான்ஸ் குழு’வுக்குப் போகிறாள். நுண்கடன் நிறுவனத்தின் ஊழியர், வங்கி மேலாளரைப் போல் அவள் வரட்டும் என்று காத்திராமல், தாமே மோட்டார் சைக்கிளில் தெருவுக்கு வருகிறார். பத்துப் பேரை ஒரு திண்ணையில் உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் போடச் சொல்லி, இரண்டொரு நாளில் முப்பதாயிரம் நாற்பதாயிரம் கொடுத்துவிடுகிறார். வட்டி ஆண்டுக்கு 24 சதவிகிதத்தை ஒட்டி இருக்கும். தண்டலோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நுண்கடன் நிறுவனங்களையெல்லாம் கந்து வட்டிக்காரரோடு ஒரே தட்டில் நிறுத்துபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது, அதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. நுண்கடன் நிறுவனம் சட்டப்படி வைப்புத் தொகை வாங்க முடியாது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டின் ‘பைனான்ஸ் கம்பெனிகள்’ ஜனங்களின் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடியதும், அதன் விளைவாக 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் பிறந்ததும் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். காரணம் எவ்வளவு நியாயமானாலும் முடிவு இதுதான்: வாரந்தோறும் அவள் வாசலுக்கு வருகிறவருக்கு அவளுடைய இருநூறு ரூபாயைச் சேமிப்பாக வாங்க அதிகாரம் இல்லை, டியூவாக மட்டும் வாங்கலாம், சேமிப்பாக வாங்கும் அதிகாரம் படைத்த வங்கி அவள் வாசலுக்கு வருவதில்லை. சேமித்துச் செய்திருக்க வேண்டிய காரியத்தையெல்லாம் கடன் வாங்கிச் செய்யும் வழக்கம் ஒரு தலைமுறைக்குள் நம் கிராமங்களில் வேரூன்றியதற்கு, ஆசையோ ஆடம்பரமோ காரணம் என்று உபதேசம் செய்கிறவர்கள் இந்த ஏற்பாட்டை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

உதவித்தொகை இந்தக் கணக்குக்குள் எப்படி நுழைகிறது என்பதையும் பார்க்கலாம். ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விதிகளின்படி, ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்கு மிகாத குடும்பத்துக்கு ஈடின்றிக் கொடுப்பது நுண்கடன்; உரிமைத் தொகைக்கு வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். ஆக, உரிமைத் தொகை பெறும் குடும்பம் நுண்கடன் நிறுவனத்தின் வாடிக்கைக்கும் உரிய குடும்பமாகிவிடுகிறது. அதே விதிகள், மாத வருமானத்தில் பாதி வரைக்கும் தவணைகளுக்குப் போகலாம் என்கின்றன. நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வட்டி நிர்ணயிக்க முன்பிருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டன. வருமானத்தை மதிப்பிடக் கொடுத்திருக்கும் மாதிரிப் பட்டியலில் அரசிடமிருந்து வரும் தொகையும் ஒரு வருவாயாக இடம்பெற்றிருக்கிறது. அப்படியானால், ஆயிரத்தில் ஐந்நூறு தவணைக்கு. 24 சதவிகித வட்டியில் இரண்டாண்டுக்குக் கணக்கிட்டால், அந்த ஐந்நூறு ஏறத்தாழ ரூ.9,450 கடனைத் தாங்கும். அரசு கொடுத்த தொகை, பெற்றவளின் சேமிப்புக்கு அஸ்திவாரமாவதற்கு முன்னமேயே, கடன் கொடுப்பவரின் ஏட்டில் அவருடைய நம்பிக்கைக்கு அஸ்திவாரமாகிவிடுகிறது. இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் கவலைக்குரிய அம்சம்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் அனுபவம் கண்கூடான சாட்சி. அந்நாட்டின் 2004ஆம் ஆண்டுச் சமூக உதவிச் சட்டம், உதவித்தொகையை யாரும் யாருக்கும் ஈடு வைக்கவோ எழுதிக் கொடுக்கவோ கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. 2012இல் அந்த உதவித்தொகையை நாடு முழுவதும் பட்டுவாடா செய்யும் ஒப்பந்தம் கேஷ் பேமாஸ்டர் சர்வீசஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கிழவர்கள், ஊனமுற்றோர், குழந்தைகளின் தாய்மார் ஆகியோரின் கைரேகையும் கணக்கு விவரமும் பணம் விழும் தேதியும் ஒரே குழுமத்தின் கைக்கு வந்தன. அதன்பின் அந்தக் குழுமத்தைச் சேர்ந்த மற்ற நிறுவனங்கள் அதே ஜனங்களுக்குக் கடனும், கைப்பேசிக்கு முன்பணமும், மின்சாரக் கட்டணத்துக்கு முன்பணமும், ஈமச் சடங்குக்குக் காப்பீடும் விற்று, விலையை உதவித்தொகையிலேயே, அது பயனாளியின் கையைத் தொடுவதற்கு முன்பே, கழித்துக்கொள்ளத் தொடங்கின. தாம் கேட்காத கழிவுகள் என்று புகார் சொன்னவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. பிளாக் சாஷ் என்ற பெண்கள் இயக்கம் ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி நடத்தியது. ஒப்பந்தம் கொடுக்கப்பட்ட முறை செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2013இலேயே தீர்ப்பளித்தும், மாற்று ஏற்பாட்டை அரசு செய்து வைக்காததால், பாமரரின் பட்டினியை முன்னிட்டு அதே நீதிமன்றம் 2017இல் அதே நிறுவனத்தை நீடிக்கச் சொல்ல வேண்டிய பரிதாபமும் நேர்ந்தது. 2018இல்தான் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. பிரேசிலிலோ இன்னும் வெளிப்படை: 2022 தேர்தல் வேளையில், உதவித்தொகையில் 40 சதவிகிதம் வரை தவணையாகக் கழித்துக்கொள்ளும் கடனை, மாதம் 3.5 சதவிகிதம் வரை வட்டிக்கு, அரசே சட்டம் போட்டு அனுமதித்தது. அடுத்து வந்த அரசு அதை நிறுத்தியது. வாங்கியவர்களின் தவணை நிற்கவில்லை.

நம் நாட்டில் ஓய்வூதியத்தை இந்தக் கதியிலிருந்து காக்க 1871ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்தார்கள். அரசு தரும் ஓய்வூதியத்தைக் கடன்காரனின் வேண்டுகோளுக்காக எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்யக் கூடாது என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் கடன்காரன் கடனை வசூலிக்க நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டியிருந்தது. இன்று அவன் எங்கும் போக வேண்டியதில்லை. தவணை நாளன்று கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் அனுமதியில் ஒரு கையெழுத்து வாங்கி வைத்தால் போதும். எடுக்க வரும்போது பணம் இல்லாவிட்டால், இல்லாததற்கு வங்கி ஒரு கட்டணத்தைப் பதிவு செய்து வைத்து, பதினைந்தாம் தேதி உரிமைத் தொகை விழுந்ததும் பிடித்துக்கொள்ளும். நீதிபதி தொட அஞ்சும் பணத்தைக் கம்ப்யூட்டர் நள்ளிரவில் தொட்டுவிடுகிறது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றனவே என்று சிலர் நினைவூட்டலாம். உண்மைதான். 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய முயற்சியும், 1992இல் நபார்டு வங்கி தொடங்கிய குழு-வங்கி இணைப்பும், சேமிப்பை முன்னிறுத்திக் கடனைப் பின்னால் வைத்தவை. அதனால்தான் அவை நின்றன. தம் சொந்தப் பணத்தைத் தாமே எண்ணி, தாமே கடன் கொடுத்து, தாமே வசூலித்த பெண்கள், கணக்கு எழுதக் கற்றுக்கொண்டதோடு வங்கி மேலாளரின் அறைக்குள் நாற்காலியில் உட்காரவும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் குழுக்கள் பல, நாளடைவில், அரசு அறிவிக்கும் கடனை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளும் பட்டியல்களாகச் சுருங்கின. தள்ளுபடி வரும் என்ற எதிர்பார்ப்பு அதற்கு உரமிட்டது. ஐந்து பவுன் வரைக்கும் கூட்டுறவு நகைக் கடன் தள்ளுபடி என்று 2021இல் அறிவித்ததைப் பலர் போற்றினார்கள். அடகு வைக்க நகை இருந்தவருக்கு அது நல்ல செய்தி; நகையே இல்லாதவருக்கு அதில் என்ன இருந்தது? தள்ளுபடியைக் காட்டிலும் ஒழுங்கான சிறு கடன் ஏழைக்கு அதிக நன்மை செய்யும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஓட்டுக்கு அது உதவாது என்பதும் எனக்குத் தெரியாததல்ல.

செய்யத்தக்கது எது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை. 1882இல் தோன்றிய அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் தொடர் வைப்பு என்று ஒன்று இருக்கிறது, நாம் ஆர்.டி. என்போம். மாதம் நூறு ரூபாயிலிருந்து கட்டலாம். பன்னிரண்டு தவணை ஒழுங்காகக் கட்டியவருக்கு, கட்டிய தொகையில் பாதி வரை கடன் உண்டு. ஜாமீன் வேண்டாம், தம் பணமே ஈடு. உரிமைத் தொகையில் மாதம் ரூ.200 அதில் போட்டால், 6.7 சதவிகித வட்டியில் ஐந்தாண்டு முடிவில் ரூ.14,270 அளவில் கைக்கு வரும். சீட்டு நடத்துபவள் செய்யும் வேலையை, ஓடிப்போகும் பயமில்லாமல், இது செய்துவிடும். குறைகளும் உண்டு: நான்கு தவணைக்கு மேல் தவறினால் கணக்கு முடங்கும், மூன்றாண்டுக்கு முன் முடிக்க முடியாது. கூலிக்காரக் குடும்பத்துக்குத் தவணை தவறுவது ஒழுக்கக் குறைவல்ல, அது மழைக்காலம். ஆகவே உதவித்தொகை பெறுவோருக்கென்று, நிறுத்தி நிறுத்திக் கட்டவும், அவசரத்துக்கு எடுக்கவும் இடம்கொடுக்கும் ஒரு தொடர் வைப்பு வேண்டும். அவள் விரும்பினால் மட்டும், அவள் சொல்லும் தொகை மட்டும், உரிமைத் தொகை விழும் அன்றே அதில் சேர வேண்டும். வேண்டாம் என்று சொன்ன மாதம் சேரக் கூடாது. கட்டாயச் சேமிப்பு என்று ஒரு யோசனை யாருக்காவது உதித்தால் அதை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். பிறருடைய செலவுக்கு ஒழுங்கு விதிக்கும் ஆசை நம் அதிகார வர்க்கத்துக்கு எப்போதும் உண்டு.

இதை நடத்தும் இடமும் தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துபவையும் கூட்டுறவு நிறுவனங்களே. உரிமைத் தொகைக்கான விண்ணப்பத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ரேஷன் கடை ஊழியர்கள்தாம். மாதம் ஒருமுறை அரிசிக்கும் சர்க்கரைக்கும் அந்தப் பெண் எப்படியும் அங்கே போகிறாள். அதே இடத்தில் அவளுடைய இருநூறு ரூபாயை வாங்கி ரசீது கொடுக்கவும், ஓராண்டு சேமித்தவளுக்கு, சேமிப்பைப் போல் இருமடங்கு, ஆண்டுக்கு 12 சதவிகிதத்துக்கு மிகாத வட்டியில் கடன் கொடுக்கவும் சங்கத்தால் முடியும். சில சங்கங்களில் போலி நகையை வைத்துக் கடன் கொடுத்த மோசடி அம்பலமானதை நான் மறக்கவில்லை. அதற்குப் பரிகாரம் தணிக்கையும் கணினிப் பதிவும், தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒழுங்கான தேர்தலும். சங்கத்தைக் கைகழுவிவிட்டு ஏழையைப் பைனான்ஸ்காரர் வசம் ஒப்படைப்பது பரிகாரமாகாது.

இவையெல்லாம் நிறைவேறச் சில ஆண்டுகள் ஆகலாம். ஒன்று மட்டும் இந்த மாதமே செய்யக்கூடியது. உரிமைத் தொகைக்கும், முதியோர், கைம்பெண்கள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் ஓய்வூதியத்துக்கும் ஆண்டுதோறும் பல ஆயிரம் கோடி ரூபாயை வங்கிகளின் வழியாக அனுப்பும் மாநில அரசு, அந்த வங்கிகளுக்குச் சாதாரண வாடிக்கையாளர் அன்று. அரசு அனுப்பும் உதவித்தொகையிலிருந்து கட்டணமோ அபராதமோ கடன் தவணையோ எதுவும், பெறுபவர் அந்தந்த மாதத்தில் தாமாகக் கேட்டாலன்றி, கழிக்கப்படாது என்று ஒவ்வொரு வங்கியிடமும் எழுத்து மூலம் உறுதி வாங்கட்டும். கொடுக்க மறுக்கும் வங்கியில் அரசின் வைப்புத் தொகை ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது.